ராமேஸ்வரம் கரையில் கிடப்பது எரிமலைக் கல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த எரிமலைக் கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, ஆனால் ராமேஸ்வரம் கரையில் ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும் வெள்ளைக் கல்லை எரிமலைக் கல் என்றும், பாக் நீரிணைக்கு அடியில் ஒரு காலத்தில் எரிமலை இருந்திருக்கலாம் என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எரிமலை கண்ட இடத்தில் முளைப்பதில்லை. பூமியின் மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் நம் இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில் புகுந்து போகிறது, அப்போது அது தன்னோடு கொண்டுபோகும் கடல்நீர் ஆழத்தில் வெளியேறி மேலே இருக்கும் சூடான பாறையில் கலக்க, அந்தப் பாறை எளிதில் உருகிக் குழம்பாகி மேலே வருகிறது. அந்தமானில் பேரன் தீவு (Barren Island) எரிமலை 1991-இல் மறுபடி கக்க ஆரம்பித்தது இப்படித்தான். நாமும் இலங்கையும் ஒரே தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறோம், நடுவில் தட்டு விளிம்பு எதுவும் கிடையாது. ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவைத் தோண்டினால் மணல், மணற்கல், பழைய பவளம், இவ்வளவுதான்.

உண்மையில் மிதக்கிற எரிமலைக் கல் ஒன்று உண்டு, அதை நுரைக்கல் என்பார்கள். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, அதில் கரைந்திருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் குமிழியாகப் பொங்குகின்றன. வெடிப்பின் வேகமே அந்தக் குமிழிகளிலிருந்துதான் வருகிறது. அந்த நுரை சட்டென்று ஆறி இறுகினால் உள்ளே காற்று அடைபட்ட கல். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது 36 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் சுனாமியில். அன்று கொட்டிய நுரைக்கல் மாதக்கணக்கில் இந்தியப் பெருங்கடலில் மிதந்து ஆப்பிரிக்கக் கரை வரை போய் ஒதுங்கியது. அப்படி எப்போதாவது ஒரு துண்டு நம் கரைக்கும் வந்திருக்கலாம். ஆனால் அது விருந்தாளி, இங்கே பிறந்ததில்லை. (கோயில்களில் வைத்து வணங்கும் மிதக்கும் கல்லைப் பற்றி நான் பேசவில்லை, அது பக்தர்களின் நம்பிக்கை.)

இங்கே அள்ள அள்ளக் கிடைப்பது செத்த பவளம், அதாவது சின்னஞ்சிறு கடல் உயிர்கள் கட்டிய கூடு. சந்தேகமிருந்தால் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், பவளம் சுண்ணாம்பு என்பதால் புஸ்ஸென்று குமிழி விடும், நுரைக்கல்லில் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான பவளக்கல் தண்ணீரில் போட்டதும் மூழ்கியும் போகும்.

இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்றால், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இணையாக முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம். எரிமலைக் கல் என்று பெயர் வைத்துவிட்டால், சுற்றுலா வருகிறவர் அதைக் கூச்சமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளம் வளர்ந்து உருவான கடலடித் திட்டையே, அதாவது பாரையே, வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது, தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லித் தீவு கடலில் மூழ்கியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மிச்சமிருக்கும் பார்தான் எங்கள் மீனுக்கு வீடு, அலைக்குத் தடுப்பு.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், இரண்டு கல்லின் படத்தோடும் அந்த எலுமிச்சைச் சோதனையோடும் போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்