ஆப் போனாலும் கணக்கு போகக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடற்பயிற்சி ஆப் தொடங்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நானும் என் தம்பியும் கோவையில் இரண்டு வருடமாக இதே வேலையில்தான் இருக்கிறோம், பொங்கல் முடிந்ததும் எங்கள் ஆப் வெளிவருகிறது, அதனால் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் முதலீடு, விளம்பரம், எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிய இடத்தில், அந்த ஆப்பில் தினமும் உட்கார்ந்து எடையும் பயிற்சியும் பதிவு செய்கிறவரின் கணக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி கூட இல்லை.

நாங்கள் இதில் இறங்கியதே அந்த ஒரு வரிக்காகத்தான். தம்பி ஜிம் மாஸ்டர். அவனிடம் பயிற்சிக்கு வரும் ஒரு அக்கா, பிரசவத்துக்கு அப்புறம் ஏறிய எடையைக் குறைக்க வந்தவர், மூன்று வருடம் ஒரு ஆப்பில் ஒருநாள் விடாமல் எழுதினார்: காலை எடை, சாப்பாடு, எந்தப் பயிற்சி எத்தனை கிலோவில் எத்தனை செட், எல்லாம். திடீரென்று ஒருநாள் சந்தா கட்டினால்தான் பழைய பதிவு தெரியும் என்றார்கள். கட்டினார். இரண்டே மாதத்தில் ஆப் திறக்கவே இல்லை, மெயில் போட்டால் பதிலும் இல்லை. "நோட்டுல எழுதியிருந்தா பரண் மேலயாவது கெடந்திருக்கும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பயிற்சி செய்யாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

பழைய எண்கள் போனால் போகட்டும், புதிதாக எழுதிக்கொள்ளலாமே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. போன வாரம் 40 கிலோவில் 8 முறை தூக்கினோம் என்று தெரிந்தால்தான் இந்த வாரம் 9 முறையா, இல்லை 42.5 கிலோவா என்று முடிவு செய்ய முடியும். உடல் எடையோ உப்பு, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றுக்கும் தகுந்தபடி ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும், பல வாரச் சராசரியைப் பார்த்தால்தான் உண்மையில் குறைகிறதா என்பது தெரியும். கணக்கு தொலைந்தால் பாதையே தொலைந்த மாதிரி.

இது சின்னக் கம்பெனிகளில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் 2005ல் மைக் லீ தொடங்கிய மைஃபிட்னஸ்பால், கல்யாணத்துக்கு முன்னால் அவர் தன் எடையைக் குறைக்க முயன்றபோது உருவான ஆப். 2015ல் விளையாட்டு உடை விற்கும் அண்டர் ஆர்மர் கம்பெனி அதை 47.5 கோடி டாலருக்கு வாங்கியது, 2020ல் அது மறுபடியும் கைமாறியது. நடுவில், 2018ல், சுமார் 15 கோடிக் கணக்குகளின் பயனர் பெயர், மெயில் முகவரி எல்லாம் திருடு போயின. அதே அண்டர் ஆர்மர் அதே 2015ல் வாங்கிய இன்னொன்று டென்மார்க்கின் எண்டோமண்டோ, 2007ல் தொடங்கியது, கோடிக்கணக்கானவர்கள் தங்கள் ஓட்டத்தைப் பதிந்து வைத்திருந்தது. 2020 கடைசியோடு அதை மூடிவிட்டார்கள். எழுதியவர்களைக் கேட்டு விற்கவும் இல்லை, கேட்டு மூடவும் இல்லை.

ஆப் தயாரிப்பது கஷ்டம் என்பதை நான் மறுக்கவில்லை. சாப்பாட்டுப் பட்டியல் ஒன்றுக்கே எங்களுக்கு ஏழு மாதம் போனது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன, அருமையான வேலை, ஆனால் அதில் துவரம்பருப்பு இருக்கும், எங்கள் வீட்டு சாம்பார் இருக்காது. அம்மா சமைக்கும்போது பக்கத்தில் தராசு வைத்து அரிசி, உளுந்து, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்து நிறுத்து எழுதினோம். ஒரு கடை இட்லி பக்கத்துக் கடை இட்லியைவிட ஒன்றரை மடங்கு எடை இருந்தது!

ஆனால் கணக்கை எடுத்துக்கொண்டு போகும் வசதி? அதைச் செய்ய எனக்கு நான்கு நாள்தான் ஆனது. ஒரு பட்டனை அழுத்தினால் மொத்தப் பதிவும் எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக வந்துவிடும், ஓடிய பாதை, வரைபடத்தில் வழியைக் காட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பாக வரும், அதை வேறு ஆப்பிலும் ஏற்றிக்கொள்ளலாம். முதலீடு பற்றிப் பேச வந்த ஒருவர், கதவைத் திறந்துவைத்தால் ஆள் போய்விடுவான், இதை எடுத்துவிடுங்கள் என்றார். ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிய 2009ல் தொடங்கிய ஸ்ட்ராவா ஆப்பில் மொத்தப் பதிவையும் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது, அதனால் யாரும் அதைவிட்டு ஓடிவிடவில்லையே என்று சொன்னேன். அவர் பணம் போடவில்லை. பரவாயில்லை, பட்டன் இருக்கிறது.

சட்டமும் இந்த இடத்தில் கை கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகளில், நம் தரவை வாங்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் உரிமை தனியாகவே இருக்கிறது. நம் நாட்டில் 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் அது இருந்தது. 2023ல் நிறைவேறிய சட்டத்தில் நம் தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், ஆனால் எடுத்துப்போகும் உரிமை காணோம். அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் கேட்க வேண்டும், எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

சட்டம் வரும்வரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏதாவது உடற்பயிற்சி ஆப்பைப் பற்றி எழுதும்போது, எங்களுடையதாகவே இருந்தாலும் சரி, பதிவுகளை இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று உங்கள் நிருபர் தானே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அதையும் கட்டுரையில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பீளமேடு, கோயம்புத்தூர்