அவசர சிகிச்சைப் பிரிவில் மனநலப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை மாவட்ட அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர், செவிலியர் முதல் வாசல் காவலாளி வரை அனைவருக்கும், மனநலம் பாதித்தோரையும் போதைப் பழக்கத்துக்கு ஆளானோரையும் கையாளும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்று, செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் உறவினருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, நடுத்தர வயதுக்காரர் ஒருவரை நள்ளிரவில் அழைத்து வந்தார்கள். கோயில் கொடைத் திருவிழா முடிந்ததிலிருந்து மூன்று நாளாக அவர் குடிக்கவில்லை என்று மனைவி திரும்பத் திரும்பச் சொன்னார். உடல் வியர்த்து, கை நடுங்க, போர்வையில் இல்லாத பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவரை, 'குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணுதான்' என்று சொல்லி, அவருடைய துண்டாலேயே கட்டிலோடு கட்டினார்கள். நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இத்தகைய பிதற்றல் நிலை வரக்கூடும், வலிப்பும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். 'கடைசியாக எப்போது குடித்தார்' என்ற ஒரே கேள்வி போதும், உரிய மருந்தும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயாமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் கிடைத்திருக்கும்.

அரளி விதை அரைத்துக் குடித்துவிட்டு வரும் இளம்பெண்களின் நிலையும் இதுவே. இதயத் துடிப்பைக் கண்காணித்து உயிரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அதில் நம் மருத்துவர்களின் திறமை பெரிது. ஆனால் அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து 'என்னம்மா ஆச்சு' என்று கேட்பவர் இல்லை. சுற்றத்தார் முன்னிலையில் ஏசும் குரல்தான் கேட்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கான அவசர சிகிச்சை உடல்நோய்க்கு இணையான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது அதன் 115ஆவது பிரிவு. மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதும் அச்சட்டத்தில் உள்ளதே.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மனநலத் துறையும் மாவட்ட மனநலத் திட்டமும் இணைந்து அம்பாசமுத்திரம், வள்ளியூர் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளுக்கே சென்று பயிற்சி தர வேண்டும். அடிக்கடி மாறும் ஒப்பந்தப் பணியாளர்களையும் இரவுப் பணியாளர்களையும் அதில் விட்டுவிடக் கூடாது. வீடு திரும்புவோரின் சீட்டில் டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவி எண் 14416ஐயும், அடுத்து மனநலப் பிரிவுக்கு வர வேண்டிய நாளையும் எழுதித் தரும் வழக்கத்தை இந்த மாதமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.