சட்டத் தன்னார்வலர் பயிற்சி காவல் நிலைய வாசல்வரை வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருளாதாரக் குறையால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 39ஏ பிரிவு. அதற்கு உருவம் கொடுத்தது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லத் தேசிய ஆணைக்குழு 2009இல் வகுத்ததே, ஊர்க்காரர்களுக்கே பயிற்சி தந்து மற்றவர்களின் சட்டத் தேவைகளுக்குத் துணை நிற்கச் செய்யும் சட்டத் தன்னார்வலர் திட்டம். அங்கன்வாடிப் பணியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர் தொடங்கி, நீண்டகாலத் தண்டனை பெற்ற படித்த சிறைவாசிகள்வரை இதில் சேரலாம். நல்ல திட்டம். ஆனால், நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில் பெரும்பகுதி நேரம் சட்டங்களின் பெயர்களையும் பிரிவுகளையும் அடுக்கும் உரைகளிலேயே கழிந்துவிடுகிறது.

களத்தில் தேவைப்படுவது வேறு. சாதிப் பெயர் சொல்லித் தாக்கப்பட்ட ஒரு விவசாயக் கூலிப் பெண் காவல் நிலையத்துக்குப் போனால், பல நேரங்களில் அவர் கைக்கு வருவது சிஎஸ்ஆர் எனப்படும் மனு ஏற்பு ரசீது மட்டுமே. ‘கேஸ் போட்டாச்சு’ என்று நம்பி, அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீடு திரும்புகிறார். அது முதல் தகவல் அறிக்கை அல்ல என்பதையும், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருப்பதையும், அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் அந்த வாசலிலேயே எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பெரும்பாலான குற்றங்களுக்கு, பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் தீருதவித் தொகையின் முதல் தவணையே அந்த அறிக்கையின் பேரில்தான் கிடைக்கிறது. நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், புகாரை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரை அணுகலாம். இந்த மனுக்களைத் தன்னார்வலர் தம் கையால் எழுதிப் பழகுவதே பயிற்சியின் மையமாக இருக்க வேண்டும்.

பெற்றோர் பராமரிப்புக்காக வருவாய்க் கோட்டாட்சியரிடம் வழக்கறிஞர் இன்றியே அளிக்கும் மனுவுக்கும் இது பொருந்தும். மேலும், 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டதால், முன்பு பயிற்சி பெற்றவர்களுக்கு மறுபயிற்சி அவசியம்.

இதில் எனக்குள்ள பெருங்கவலை, தன்னார்வலரின் பாதுகாப்பு. பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக நின்றுவிட்டு, அவர் அதே ஊரில்தான், தாக்கியவர்களின் வீடுகளைக் கடந்துதான், தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். எனவே ஒவ்வொரு தன்னார்வலரையும் மாவட்ட ஆணைக்குழுவே அந்தந்தக் காவல் ஆய்வாளருக்கு நேரில் அறிமுகப்படுத்தி அடையாள அட்டை வழங்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெண் தன்னார்வலர்களுக்கு, முகாம் நாட்களுக்கு மட்டுமின்றி, நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் காத்திருக்கும் நாட்களுக்கும் மதிப்பூதியம் தாமதமின்றிக் கிடைக்க மாநில ஆணைக்குழு வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்.