கொண்டை ஊசி கொடுத்த பெரியம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் மகள் கொடைக்கானலிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூட வராண்டாவில் நிற்கிறாள். பின்னால் மரம் எது மேகம் எது என்று பிரிக்க முடியாத பனி. உடம்பில் நான் பின்னிய சந்தன நிறக் கார்டிகன். அதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் "நீயா பின்னினே, நெசமாவா?" என்று கேட்டுக் கேட்டு எனக்குக் கூச்சமாகிவிட்டது. பின்னியது நான்தான். ஆனால் நூலைப் பார்த்துச் சொன்னது, பின்னலைச் சொல்லித் தந்தது, தப்பாகப் போனதைச் சரிபண்ணியது எல்லாம் வேறு வேறு ஆட்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாயால் சொல்லியாயிற்று. ஒரே ஒருவருக்கு மட்டும் சொல்ல வழியில்லை, அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. அவருக்காகத்தான் பொதுவில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தபின் மற்றவர்களை விட்டுவிட்டு எழுதினால் நன்றாகவா இருக்கும்?

சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் தொடங்கிய வேலை இது. அந்த நேரத்தில் செல்லூரில் மொட்டை மாடியில் வெறுங்காலை வைக்க முடியாது. அப்படிப்பட்ட வெயிலில் ஒருத்தி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினால் தெரு சும்மா இருக்குமா? காய்கறி வண்டிக்காரர் உட்பட எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மகளுக்கு உயரம் அதிகம். கடை ஸ்வெட்டர் எதைப் போட்டாலும் கை மணிக்கட்டுக்கு 2 அங்குலம் மேலேயே நின்றுவிடும். மார்கழி இரவில் அங்கே 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சரி, நானே பின்னித் தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்ததோ பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சொல்லித் தந்த பிளெயின் என்கிற நேர்ப் பின்னலும் பர்ல் என்கிற தலைகீழ்ப் பின்னலும்தான். அதை வைத்து ஒரே ஒரு மஃப்ளர் முடித்திருக்கிறேன், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். மகள் கேட்டது கேபிள் போட்ட கார்டிகன். முன்பக்கம் இரண்டு சடை தொங்குவதுபோல முறுக்கி முறுக்கி வருமே, அது.

முதல் நன்றி அப்பாவுக்கு. நூல் விஷயத்தில் நான் செய்த இரண்டு முட்டாள்தனத்தையும் ஆரம்பத்திலேயே நிறுத்தியவர் அவர்தான்.

முதலில் நான் எடுத்தது கெட்டியான பருத்தி நூல். நம்ம ஊருக்குப் பருத்திதானே என்ற நினைப்பு. போடப்போகிறவள் நம்ம ஊரில் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு சாண் பின்னிப் பார்த்தேன். சடை எழும்பவே இல்லை, தட்டையாகப் படுத்துக்கிடந்தது. கையில் தூக்கினால் ஈரத் துண்டு மாதிரி கனம். அப்பா ஹார்வி மில்லில் ரிங் ஃபிரேமில் (நூல் நூற்கிற மெஷின்) 30 வருஷம் நின்றவர். நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், விட்டார். "இழுத்தா வரணும், விட்டா போகணும். இது வந்த இடத்துலயே நிக்குது பாரும்மா" என்றார். கம்பளி முடி பிறவியிலேயே சுருள் உள்ளது, இழுத்து விட்டால் பழைய இடத்துக்கு ஓடிவிடும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. கேபிள் போட்ட கனத்தில் முழுச் சட்டையும் பருத்தியில் பின்னினால், போடப் போட அது கீழே இறங்கிக்கொண்டே போகும்.

அடுத்து மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் மெரூன் நிறத்தில் ஒரு நூல் வாங்கி வந்தேன். "சுத்த உல்லன்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். பூனைக்குட்டி மாதிரி புசுபுசுவென்று இருந்தது. அப்பா அதில் ஒரு விரல் நீளம் வெட்டிக்கொண்டு, அகல் விளக்கை ஏற்றி எடுத்து வரச் சொன்னார். (சாமி விளக்கில் செய்கிற வேலையா இது என்று அம்மா இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள்.) சுடரில் பட்டதும் நூல் உருகிச் சுருண்டது. ஆறியபின் பார்த்தால் நுனியில் கடுகு போலக் கறுப்பாக ஓர் உருண்டை, நகத்தால் நசுக்கினாலும் நசுங்கவில்லை. "பிளாஸ்டிக்கும்மா" என்றார். நிஜக் கம்பளி என்றால் முடி பொசுங்கிய வாடை அடிக்கும், சுடரிலிருந்து எடுத்ததும் தானாக அணையும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும். அக்ரிலிக்கைக் குறைசொல்லவில்லை. விலை குறைவு, துவைக்க லேசு, சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். உல்லன் என்று சொல்லி விற்றதுதான் எனக்கு ஆறவில்லை. கடைப் பேர் வேண்டாம்.

அப்பாவுக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு, நம்பர் கணக்கு. பருத்தி மில்லில் 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 840 கெஜச் சிட்டம் (நூல் கட்டு) 40 வரும். 80 என்றால் 80 வரும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். கைப்பின்னல் கம்பளியில் புரியைப் பிளை என்பார்கள்; அதில் 4 பிளை மெல்லிசு, 8 பிளை தடிமன். ஊசிக்கு வந்தால் மறுபடியும் தலைகீழ்: 8-ஆம் நம்பர் ஊசி 4 மில்லிமீட்டர், 10-ஆம் நம்பர் 3.25 தான். போதாததற்கு 8 பிளை என்று போட்டிருந்த நூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு புரிதான் இருந்தது. "எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கோ" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நூல் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் மாற்றமில்லை: நாலு புரி, கெட்டி முறுக்கு, உருண்டையாக, மயிர் நீட்டிக்கொண்டு இல்லாமல், வெளிர் நிறத்தில். சடையின் ஓரத்தில் விழுகிற நிழல்தான் சடையைக் காட்டுகிறது. மெரூனில் நிழல் எங்கே தெரியும்?

அப்படிப்பட்ட நூலை வரவழைத்தவர் அடுத்த தெரு பட்டாளத்து வீட்டு அக்கா. கணவரோடு பதான்கோட், அம்பாலா என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக இருந்தவர். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்களிடம் வெயில் காயும்போது கற்றுக்கொண்டாராம். இப்போதும் பின்னும்போது "தோ சீதா, தோ உல்டா" என்றுதான் வாய் முணுமுணுக்கும். பழைய சிநேகிதி மூலமாக லூதியானாவிலிருந்து 50 கிராம் கண்டு 10 வரவழைத்துத் தந்தார். கையில் எடுத்ததும் அப்பா ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய சர்ட்டிபிகேட்.

அக்கா, நீங்கள் சொல்லித் தந்த கேபிள் உண்மையில் சின்ன வேலைதான் என்று இப்போது தெரிகிறது. ஆறு கண்ணி. (ஊசியில் நிற்கிற வளையத்தைப் பூக்கட்டுகிறவர்கள் மாதிரி நான் கண்ணி என்றே சொல்கிறேன்.) முதல் மூன்றைக் குட்டி ஊசியில் ஏற்றி ஓரமாக நிறுத்து, அடுத்த மூன்றைப் பின்னு, நிறுத்திய மூன்றையும் பின்னு. எட்டு வரிசைக்கு ஒரு தரம். இரண்டு பக்கமும் பர்ல் இருந்தால் சடை மேலே எழும்பி நிற்கும். குட்டி ஊசியைத் துணிக்கு முன்னால் வைத்தால் முறுக்கு இடப்பக்கம் சாயும், பின்னால் வைத்தால் வலப்பக்கம் சாயும். அதைத்தான் நான் நாலு தரம் மறந்தேன். ஐந்தாவது தரம் நீங்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, கோயில்ல சாமிக்குப் பின்னால போய்ச் சுத்தி வந்தா அதுக்கு என்ன பேரு?" என்று கேட்டீர்கள். "வலம்" என்றேன். "அம்புட்டுத்தான். பின்னால வச்சா வலம்." அதோடு மறக்கவில்லை.

மறக்கவில்லை என்று சொல்வதும் பொய்தான். அதற்கு முன்னால் இன்னொரு கூத்து. மாதிரித் துண்டு பின்னிக் கழுவிக் காயவைத்து அளந்துவிட்டுத் தொடங்கு என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னார். நான் பிளெயினில் மட்டும் அளந்து, 4 அங்குலத்துக்கு 22 கண்ணி என்று கணக்குப்போட்டு முதுகுத் துண்டைத் தொடங்கிவிட்டேன். 19 அங்குலம் வரவேண்டியது 15-கூட வரவில்லை. கேபிள் துணியைக் குறுக்கே இழுத்துச் சுருக்கிவிடும், கேபிள் பின்னலில் அதே 4 அங்குலத்துக்கு 29 கண்ணி வேண்டும். முக்கால் முழம் பிரித்தேன். பிரித்த நூலைச் சுற்றிக்கொடுத்தது அப்பா. ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கும் நன்றி.

சட்டையின் முன்பக்கம் இரண்டு துண்டு. ஒன்றில் சடை வலப்பக்கம் சாய்ந்தால் மற்றதில் இடப்பக்கம் சாயவேண்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. இடத் துண்டில் ஒரு முறுக்கு மட்டும் மாற்றிச் சாய்ந்திருப்பதை நான் கவனித்தபோது 24 வரிசை மேலே போய்விட்டேன். அழாத குறையாக எடுத்துக்கொண்டு ஓடினேன். முழுவதையும் பிரிக்கவேண்டும் என்று நினைத்துப் போனால், அக்கா அந்த ஆறு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டார். எனக்குப் பகீரென்றது. சரசரவென்று கீழே இறங்குகிறது, நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள். தப்பான முறுக்கு வந்ததும் நிறுத்தி, இரண்டு குட்டி ஊசியில் ஆறையும் எடுத்து, படிக்கு ஒரு வரிசையாக மேலே ஏறினார். முறுக்கு வரும் இடத்தில் முறுக்கினார். கடைசிக் கண்ணிகள் கொஞ்சம் தொளதொளவென்று நின்றன. ஊசி முனையால் அந்தத் தளர்வைப் பக்கத்துக் கண்ணிகளுக்குப் பங்கிட்டுவிட்டார். நிமிர்ந்தபோது எனக்குப் போட்டுவைத்த காபியில் ஆடை படிந்திருந்தது. துவைத்தபின் எந்த இடம் என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கேபிள் நூலைத் தின்னும் என்று கேள்விப்பட்டிருந்தேன், இந்த அளவுக்கு என்று நினைக்கவில்லை. உடம்பை முடித்துவிட்டு மிச்சத்தை நிறுத்துப் பார்த்தால் 500 கிராம் எப்படியும் பற்றாது. நல்லவேளை, கைகளைத் தொடங்கியிருக்கவில்லை. இன்னும் 3 கண்டு வந்தது. சாயத் தொட்டி வேறு, லாட் நம்பர் வேறு. ட்யூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது, வாசலில் வைத்துப் பார்த்தால் புதிது ஒரு சாயல் மஞ்சள். சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற பெரியம்மாவிடம் காட்டினேன். "ஒரு தொட்டியில நனைச்சதும் மறு தொட்டியில நனைச்சதும் அக்கா தங்கச்சிதான், ரெட்டைப் பிள்ளை கிடையாது" என்றார். அப்புறம் அவரே, "பார்டர் இல்லாத சேலை எங்க இருக்கு? இதை ஓரத்துக்கு வச்சுக்க" என்றார். கை நுனி, கழுத்து, பட்டன் பட்டை மூன்றுக்கும் புது நூல். இப்போது பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே செய்த டிசைன் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்கார அண்ணனுக்கும் நன்றி. பட்டன் கனத்தில் பட்டை தொங்கிவிடாமல் உள்ளே ஒரு நாடா வைத்து அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. தெருமுனையில் மல்லிகை கட்டுகிற அம்மா நான் ஊசியை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "பூவ நெரிக்காத தாயி, நார இழு" என்றார். அன்றிலிருந்து தோள்வலி இல்லை. மகள் ஒரு தரம் மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போய் மெரினோ ஆடு காட்டினாள். நம்ம பக்கத்துச் செம்மறிக்கு உடம்பில் முடிதான், அதில் நூற்க ஒன்றுமில்லை. அங்கே ஆட்டின் முதுகில் கை வைத்தால் விரல் மறைந்துவிடுகிறது. "இதுதான் உன் சட்டை" என்றேன். ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி அந்தப் பெரியம்மா.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஆரப்பாளையத்தில் காலையில் கிளம்பிய கொடைக்கானல் பஸ். மகளுக்குப் போட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டு போகிறேன், இரண்டாவது கை பாக்கி. மலை ஏறுவதற்குள் முடிந்தவரை பின்னிவிடலாம் என்று மடியில் வைத்திருந்தேன். வத்தலக்குண்டு ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது ஒரு பிரேக். குட்டி ஊசி கீழே விழுந்து, உருண்டு, எங்கோ போய்விட்டது. மூன்று கண்ணி அந்தரத்தில் நிற்கிறது. ஒன்று நழுவ ஆரம்பித்துவிட்டது. நான் விரலால் பிடித்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் தேடுகிறேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னத்தா தேடுற?" என்றார். சொன்னேன். கையைத் தூக்கித் தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, சேலைத் தலைப்பில் துடைத்து, "இது ஆகுமா பாரு" என்று நீட்டினார்.

ஆகுமாவா! கடையில் விற்கிற குட்டி ஊசியைவிட அது மேல். ஒரு காலில் மூன்று கண்ணியும் ஏறிக்கொண்டது, வளைவு இருப்பதால் அந்தப் பக்கம் வழுக்கவும் இல்லை. கொண்டை ஊசி வளைவுகள் வரும்வரை அதை வைத்தே இரண்டு முறுக்கு முடித்தேன். அவர் கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே, நான் முறுக்குவதை உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். "சடைதான், ரெண்டு கால் சடை" என்றார். அப்புறம் தூங்கிவிட்டார். ஊத்து ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் குரல் கேட்டு அவசரமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்தபின்தான் பார்க்கிறேன், ஊசி என் பின்னலில் இருக்கிறது.

பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, கிளிப்பச்சைச் சேலை, ஒயர் கூடையில் வெற்றிலைக் கட்டு. பெரியம்மா, உங்கள் ஊசி பத்திரமாக இருக்கிறது. மிச்ச நூலில் உங்களுக்கு ஒரு குல்லாய் பின்னி வைத்திருக்கிறேன், நடுவில் ரெண்டு கால் சடை ஒன்று ஓடுகிறது. தலை அளவு தெரியாது. கொண்டைக்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
செல்லூர்க்காரி
மதுரை