வலை கையிலிருந்து வந்தால் என்ன, கருவியிலிருந்து வந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு வரி மட்டும் உறுத்தியது. காமிக்ஸ் ரசிகர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவதுதான் அவர்கள் வேலை என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். தேடுகிறோம், வாஸ்தவம்தான். கண்டுபிடித்த பிறகு என்ன கேட்கிறோம் என்பதையும் அவர் கவனித்திருக்கலாம். மாற்றினார்களே, அதை வைத்துக் கதைக்கு ஏதாவது சம்பாதித்தார்களா என்றுதான் கேட்கிறோம். சம்பாதித்திருந்தால் எவ்வளவு பெரிய மாற்றமானாலும் சரி என்று விட்டுவிடுவோம். இதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி, சாம் ரைமி இயக்கி 2004-இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைய, 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆம் இதழில் ஸ்பைடர்மேன் பிறந்தான். கடித்த சிலந்தி, ஸ்பைடர்மேனாக மாறிய பீட்டர் பார்க்கருக்குப் பலத்தைக் கொடுத்தது, சுவரில் ஏறும் திறனைக் கொடுத்தது. வலையைக் கொடுக்கவில்லை. அந்தப் பசையையும், அதை மணிக்கட்டிலிருந்து பீய்ச்சும் கருவியையும் பீட்டர் தானே செய்துகொண்டான். கையில் காசில்லாத பள்ளிக்கூடப் பையன், சக மாணவர்கள் கேலி செய்யும் புத்தகப்புழு, தன் மூளையால் உண்டாக்கிய ஒரே பொருள் அது. சண்டை உச்சத்தில் இருக்கும்போது பசை தீர்ந்துபோவது காமிக்ஸில் திரும்பத் திரும்ப வரும். நாங்களும் ஒவ்வொரு முறையும் நகத்தைக் கடிப்போம்.

2002-இல் வந்த முதல் படத்தில் ரைமி இந்தக் கருவியைத் தூக்கிவிட்டார். வலை உடம்பிலேயே ஊறி மணிக்கட்டிலிருந்து வந்தது. யோசனை அவருடையதுகூட இல்லை. அவருக்கு முன்பே ஸ்பைடர்மேன் படம் எடுக்க முயன்ற ஜேம்ஸ் கேமரூன் எழுதி வைத்திருந்த வடிவத்திலிருந்து வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருந்தது. பையனுடைய மூளையைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு அந்தப் படம் தந்தது ஒரு நகைச்சுவைக் காட்சி மட்டும்தான்: மொட்டை மாடியில் நின்றுகொண்டு விரல்களை விதவிதமாக மடக்கி, வேறு சூப்பர்ஹீரோக்களின் மந்திரச் சொற்களையெல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியில் எப்படியோ வலையை வரவழைக்கிறான் பீட்டர். சிரிக்கலாம். அப்புறம்?

அப்புறம் என்ன என்பதற்குப் பதில் இரண்டாம் படத்தில் இருந்தது.

அதில் பீட்டருக்கு வேலை நிலைக்கவில்லை, வாடகை பாக்கி, வகுப்புக்குப் போக நேரமில்லை, காதலிக்கும் மேரி ஜேனிடம் சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ஓர் இரவு கட்டடங்களுக்கு நடுவே பறந்துகொண்டிருக்கும்போது கையை நீட்டுகிறான், வலை வரவில்லை. விழுகிறான். அடுத்த காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. முழு உடுப்போடு, முகமூடியோடு, ஸ்பைடர்மேன் லிஃப்டில் இறங்குகிறான். உள்ளே வந்த ஒருவர், நல்ல உடுப்பு, எங்கே கிடைத்தது என்று விசாரிக்கிறார். நானே தைத்தது என்கிறான். அரிக்கும், அங்கே இங்கே ஏறிக்கொள்ளும் என்று வேறு சொல்கிறான். பிறகு இருவரும் கதவைப் பார்த்தபடி மௌனமாக நிற்கிறார்கள். காமிரா நகரவே இல்லை. பல கோடி டாலர் கொட்டி எடுத்த படத்தில் இப்படி ஒன்றுமே நடக்காத காட்சியை வைக்கத் தனித் தைரியம் வேண்டும்.

மருத்துவரிடம் போகிறான். உடம்பில் கோளாறில்லை, கோளாறு மனத்தில் என்கிறார் அவர். முதல் படத்தில் சரியான பார்வை மறுபடி மங்க, பழைய கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறுகிறது.

இந்தக் கதை படத்துக்காகப் புதிதாக யோசித்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1964-இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் ஆண்டு மலரிலேயே பீட்டர் இப்படித்தான் சக்தியை இழந்தான், அதற்கும் மனச்சுமைதான் காரணம், அங்கும் எதிரிகளுக்குத் தலைவன், இந்தப் படத்தின் வில்லனான டாக்டர் ஆக்டோபஸ்தான். (அதில் பீட்டரை வளர்த்த மே அத்தை, தன்னைக் கடத்திய ஆக்டோபஸை நல்ல பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருப்பார். படத்தில் குடையால் அவர் மண்டையில் ஒரு போடு போடுகிறார். இந்த மாற்றத்துக்கு என் முழு ஆதரவு.) ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆண்டு மலரில் சக்தி போனாலும் மணிக்கட்டில் கருவி இருந்தது. இயந்திரத்துக்கு மனக்கவலை கிடையாதே, பசை இருக்கும்வரை அது வேலை செய்யும். படத்தில் பீட்டருக்கு அந்த ஆதாரமும் இல்லை. வலை உடம்பிலிருந்து வருவதால், மனம் சோர்ந்ததும் அதுவும் சேர்ந்தே நின்றுவிடுகிறது. 2002-இல் வெறும் வசதிக்காகச் செய்ததுபோலத் தெரிந்த மாற்றம், 2004-இல் கதையின் அச்சாணியாகிவிட்டது. ஆல்வின் சார்ஜென்ட் எழுதிய திரைக்கதையில் நான் முதலில் மெச்சுவது இதைத்தான். ஆக்டோபஸின் இயந்திரக் கைகள், ரயில் சண்டை எல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது, பீட்டர் ஸ்பைடர்மேனாக இருப்பதையே கைவிடும் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 50-ஆம் இதழ், 1967-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே டிட்கோ விலகிவிட, ஜான் ரோமிட்டா வரைய வந்திருந்தார். பக்கம் முழுக்க ஒரே படம்: மழை கொட்டும் சந்து, முன்னால் குப்பைத்தொட்டியில் தொங்கும் சிவப்பு உடுப்பு, தூரத்தில் நமக்கு முதுகைக் காட்டியபடி நடந்துபோகும் பீட்டர். ஒரு காமிக்ஸ் ரசிகரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பக்கத்தைச் சொல்லுவார். ரைமி இதைக் கிட்டத்தட்ட அதே கோணத்தில் எடுத்தார். திரையில் அது சில நொடி. தாளில் நாம் விரும்பும்வரை பக்கத்தைத் திருப்பாமல் இருக்கலாம், அந்த வசதி சினிமாவுக்கு இல்லை, அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பக்கத்தைச் சுற்றி நடப்பதெல்லாம் வேறு. புத்தகத்தில் உடுப்பைக் கண்டெடுத்துப் பத்திரிகைக்காரர் ஜேம்சனிடம் கொண்டுபோவது ஒரு சிறுவன். படத்தில் குப்பை அள்ளுகிறவர், விலையும் பேசுகிறார். இதெல்லாம் சின்ன விஷயம். திரும்பி வரும் இடத்தைப் பாருங்கள். புத்தகத்தில் பீட்டர் ஒரு காவலாளியைக் குண்டர்களிடமிருந்து காப்பாற்றுகிறான், அவர் முகத்தில், தன்னை வளர்த்து இறந்துபோன பென் மாமாவின் சாயல் தெரிகிறது, கடமை நினைவுக்கு வருகிறது. சக்தி அவனிடம் அப்படியே இருக்கிறது, ஆகவே காப்பாற்றுவது பெரிய சிரமமில்லை. படத்தில் சக்தி இல்லாதவனாக எரியும் வீட்டுக்குள் ஓடுகிறான். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான், வழியில் தரை உடைந்து தொங்கும்போது அந்தக் குழந்தைதான் இவனுக்குக் கை கொடுக்கிறது. வெளியே வந்து மூச்சு வாங்கும்போது, நான்காவது மாடியில் ஒருவர் மாட்டிக்கொண்டு இறந்துவிட்டார் என்று ஒரு தீயணைப்பு வீரர் சொல்வது காதில் விழுகிறது. ஸ்பைடர்மேன் வந்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார் என்று யாரும் வசனம் பேசவில்லை. பீட்டராக நடித்த டோபி மெக்குவைரின் முகம் மட்டும் தெரிகிறது. புத்தகத்தைவிடப் படம் மேல் என்று நான் கூசாமல் சொல்லும் இடம் இது.

குறை இல்லாமல் இல்லை. மேரி ஜேனை மறுபடியும் கடத்திக் கட்டிவைத்திருக்க வேண்டாம், முதல் படத்திலேயே அது ஆகிவிட்டது. நியூயார்க்கின் மையப் பகுதியில் அப்படித் தலைக்கு மேலே ஓடும் ரயிலும் கிடையாது. ஓடும் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கிச் சரிந்தவனைப் பயணிகள் தலைக்கு மேலே தாங்கி உள்ளே கொண்டுபோகும்போது அதை யார் கேட்கப் போகிறார்கள்?

கட்டுரையாளர் சொல்வதுபோல 'அப்படியே இருக்க வேண்டும்' என்பதுதான் எங்கள் ஆசை என்றால், 2012-இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' எங்களுக்குத் திருவிழாவாக இருந்திருக்க வேண்டும். மணிக்கட்டுக் கருவி திரும்பி வந்தது. ஆனால் அதில் பாயும் இழை ஆஸ்கார்ப் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு, பீட்டர் செய்தது கருவி மட்டும். பொருள் திரும்பி வந்ததே தவிர, அதன் பின்னால் இருந்த மூளை பாதிதான் வந்தது. அதனால் கதையில் ஏதாவது விளைந்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. 2017-இல் வந்த படத்தில் டாம் ஹாலண்ட் நடித்த பீட்டர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மேசை இழுப்பறைக்குள் திருட்டுத்தனமாகப் பசை காய்ச்சுவதைப் பார்த்தபோதுதான் பழைய பையன் வந்துவிட்டான் என்று தோன்றியது. அதுவும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சி. 2021-இல் வந்த படத்தில், இந்த மூன்று வரிசைப் படங்களின் பீட்டர்களும் சந்தித்தபோது, மெக்குவைரின் கையிலிருந்து வலை எப்படி வருகிறது என்று மற்ற இருவரும் குடைந்து குடைந்து கேட்டார்கள். நாங்கள் பத்தொன்பது வருடமாகப் போட்ட சண்டையைப் படமே கேலி செய்ததில் யாருக்கும் வருத்தமில்லை, நாங்கள்தான் அதிகம் சிரித்தோம்.

இன்னொரு வேடிக்கை. 2004-இல் காமிக்ஸிலும் பீட்டருக்கு உடம்பிலிருந்தே வலை வர ஆரம்பித்தது. படத்தைப் பார்த்துப் புத்தகம் மாறியது. சில வருடம் கழித்துக் கருவிக்கே திரும்பிவிட்டார்கள். அங்கே அந்த மாற்றத்தை வைத்து யாரும் பெரிதாகக் கதை பண்ணவில்லை, அதனால் போனபோது தேடவும் ஆளில்லை.

கடைசியாக, உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களுக்கு விமர்சனம் வரும்போது 'காமிக்ஸைத் தழுவி எடுத்தது' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறீர்கள். எந்த இதழ், எழுதியது யார், வரைந்தது யார் என்று கூடவே இரண்டு வரி சேர்க்க முடியுமா? லீயும் டிட்கோவும் 2018-இல் போய்விட்டார்கள், ரோமிட்டா 2023-இல். அந்தக் குப்பைத்தொட்டிக் காட்சியைப் பார்த்து அசந்துபோன உங்கள் வாசகர் ஒருவர், அதை முதலில் வரைந்தவர் பெயரை உங்கள் பக்கத்திலேயே தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்