போர்குண்ட் மரத் தேவாலயம்: காலடியிலிருந்து பார்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளா, நல்லது. இனி வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது.

கோடையில் மகனைப் பார்க்க நார்வே போகும்போது போர்குண்ட் தேவாலயத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போ. எல்லோரும் கூரை முகட்டு டிராகன் தலைகளைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீ முதலில் குனிந்து சுவரின் அடியைப் பார்.

அதன் மரங்கள் 1180–81 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்ட கணக்கு. அதற்கு முந்தைய தேவாலயங்களில் தூணைக் குழி தோண்டி மண்ணில் நட்டார்கள். அப்படி நட்ட மரம் தரைமட்டத்தை ஒட்டிய இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். ஈரமும் காற்றும் அங்கே சேர்ந்து கிடைப்பதால் பூஞ்சைக்கு வசதி. நார்வேயின் ஊர்னெஸ், லோம் ஊர்களில் இன்றைய மரத் தேவாலயங்களுக்கு அடியில் அந்தப் பழைய தூண்குழிகள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன.

போர்குண்டில் மண்ணில் உட்கார்ந்திருப்பது கல் மட்டும்தான். கல்வரிசைமேல் கனத்த அடிச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்க, அவற்றின்மேல் உள்தூண்கள் நிற்கின்றன. வெளிச்சுவர்ச் சட்டத்தின் மேல்முகத்தில் நீளப் பள்ளம் வெட்டி, பைன் பலகைகளைச் செங்குத்தாக அதில் இறக்கி, பலகைக்குப் பலகை நாக்கும் பள்ளமுமாகக் கோத்திருக்கிறார்கள். மூலைத்தூணின் அடியைக் குடைந்து, இரு சட்டங்கள் சந்திக்கும் இடத்தின்மேல் தொப்பிபோல் கவிழ்த்திருப்பதைக் கவனி.

இதிலும் ஒரு வம்பு உண்டு. மேல்நோக்கிய பள்ளத்தில் தண்ணீர் இறங்கித் தங்கினால் சட்டம் உள்ளிருந்தே கெடும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். சுற்றிலும் ஓடும் தாழ்வாரம் சாரலைச் சுவரில் விழவிடாமல் காக்கிறது. அதை வெறும் அலங்காரம் என்பவர்களை நம்பாதே. காற்றைத் தாங்குவது உள்ளே: தூண்களுக்கிடையே பெருக்கல் குறி வடிவச் சட்டங்கள், இயல்பாக வளைந்த மரத்திலேயே வெட்டிய முட்டுகள். ஜன்னல் கிடையாது, உயரத்தில் சிறு வட்டத் துளைகள்தான். கண் பழகச் சற்று நேரம் நில்.

அந்தக் கறுப்பு நிறம் தார். பிசின் நிறைந்த பைன் அடிக்கட்டைகளையும் வேர்களையும் மூட்டம் போட்டு, காற்றைக் குறைத்து மெல்ல எரித்து வடிப்பது. சூடாக, உலர்ந்த நாளில், மரம் குடிக்கும் அளவுக்கு மட்டும் பூச வேண்டும். தடிமனாகப் பூசினால் காயாது, வெயிலில் வழிந்துவிடும். தென்சுவர்தான் சீக்கிரம் வெளுக்கும். அங்கே அடிக்கடி பூச்சு வேண்டும். அடுத்தடுத்த தலைமுறைகள் இந்த வேலையை விடாமல் செய்ததால்தான் நார்வேயில் இப்படிப்பட்ட பழைய மரத் தேவாலயங்கள் 28 மிஞ்சின. 1868இல் பக்கத்திலேயே புதுத் தேவாலயம் எழும்பியதும் பழையது பயன்பாட்டிலிருந்து விலகியது. 1877இல் நார்வேயின் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் வாங்கியது.

மேற்கு வாசலில் ரூன் எனும் பழைய வடஐரோப்பிய எழுத்தில் கீறல்கள் உண்டு. புனித ஓலாவின் திருநாள் மாலையில் இவ்வழி போன ஒருவன் தன் பெயரைச் செதுக்கியிருக்கிறான். நம் ஊர்க் கோட்டைச் சுவர்க் கிறுக்கர்களுக்கு அண்ணன்!

பெர்கன் நகரிலேயே ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் இருக்கிறதே, அது போதாதா என்று உன் மகன் சொல்லக்கூடும். அது 1992 ஜூன் 6இல் தீவைப்பில் எரிந்துபோய், 1997இல் மறுபடி கட்டி முடித்தது. ஆனாலும் புது மரத்தில் இணைப்புகள் தெளிவாகத் தெரியும். முதலில் அதைப் பார்த்து முடித்துவிட்டு போர்குண்டுக்குப் போ.

அன்புடன்,
மணி