பனிக்காலத்தில் ஒழுகும் கூரை

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்புள்ள மணி,

உன் கடிதமும் படங்களும் வந்தன. இங்கே எல்லோரும் நலம். நாம் பிறந்த லயத்தை, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள்; அந்த இடமும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. சரி, உன் கூரைக்கு வருகிறேன்.

கனடாவில், உன் வின்னிபெக்கில், மழையே இல்லாத ஜனவரியில் சீலிங் சொட்டுகிறது, கூரையை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள் என்கிறாய். அவசரப்பட்டு முன்பணம் கட்டாதே. நான் தகரம் அடித்தே காலம் தள்ளியவன், பனியைத் தொட்டதில்லை. ஆனால் கூரை ஓரத்தில் பனிக்கட்டி விழுதுவிழுதாகத் தொங்குவதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியாமல் தேடிப் படித்தேன். எனக்குச் சீலிங் மேல்தான் சந்தேகம்.

வீட்டுச் சூடு சீலிங் இடுக்குகள் வழியாக, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் பரணுக்கு ஏறி, கூரைப்பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்தத் தண்ணீர் சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் ஓரத்துக்கு வந்ததும், அங்கே அடியில் சூடு இல்லாததால், உறைந்து வரப்புக் கட்டிக்கொள்கிறது. பின்னால் வருவது தேங்கி, ஷிங்கிளுக்கு, அதாவது கூரைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அடிக்கும் தார்த் தகடுகளுக்கு, அடியில் ஏறிவிடுகிறது. வழிந்தோடும் தண்ணீரைத்தான் ஷிங்கிள் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

அதனால் விளக்குத் துளை, பரண் கதவு, குழாய் போகும் ஓட்டை எல்லாவற்றையும் முதலில் அடை. குளியலறை விசிறியின் காற்று பரணுக்குள் போகாமல் நேரே வெளியே போகட்டும். அப்புறம்தான் சீலிங் மேல் சூட்டைத் தடுக்கும் பஞ்சைத் தடிப்பாகப் போடவேண்டும். கூரை ஓரத்தில் நுழையும் வெளிக்காற்று உச்சி வழியாகப் போகவேண்டும். பஞ்சு அந்த வழியை மறிக்கக் கூடாது. உங்கள் ஊரில் கூரை குளிர்ந்தே கிடக்கவேண்டுமாம்! இங்கே நான் வெயிலைத் தடுக்கத் தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள் விரிக்கிறேன்.

எப்படியும் கூரையை மாற்றுவதென்றால் கோடையில் செய். குளிரில் ஷிங்கிளின் பசை ஒட்டாது, ஷிங்கிளும் வெடிக்கும். ஓரத்தில் ஷிங்கிளுக்கு அடியில், தண்ணீர் புகாமல் காக்க, ஒட்டும் படலம் போடச் சொல். கனடா கட்டட விதிப்படி இந்த ஓரப் பாதுகாப்பு சரிவில் குறைந்தது 900 மில்லிமீட்டர் ஏறி, சுவரின் உட்பக்கத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டராவது போகவேண்டும்.

உன் கடையின் தட்டைக் கூரைக்கு ரப்பர் விரிப்பு நல்லது, கடுங்குளிரிலும் வளையும். நம் பால் மரத்து ரப்பர் என்று பெருமைப்படாதே, அது பெட்ரோலியத்திலிருந்து செய்தது. வடிகுழாய் கட்டடத்துக்குள்ளேயே இறங்கினால் எளிதில் உறையாது. பக்கத்துக் கட்டடம் உயரம் என்றாயே, காற்று அந்தச் சுவரோரமாகத்தான் பனியைக் குவிக்கும். பாரம் அங்கே அதிகம், கவனி.

பரணுக்குள் டார்ச் அடித்துப் பார். ஆணி நுனிகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால், உள்ளேயிருந்து ஈரக்காற்று ஏறுகிறது என்று அர்த்தம். வெளியே கொஞ்சம் வெப்பம் ஏறினாலே அதுவும் உருகிச் சொட்டும். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி